வெயிலும் பிங்கும் பறிபோன ஐடியும்

(அச்சங்குளத்தில் ஊர் இளைஞர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த தம்பிகள், "கேம் பற்றிப் பேசுங்கள், போன் பற்றிப் பேசுங்கள், தினமும் எங்களுக்கு வருகிற எரிச்சலைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். ஆனால் அச்சங்குளத்தில் நின்றுகொண்டு எடுத்த எடுப்பில் கேமுக்குப் போய்விட முடியாது. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி இங்கே பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காலையில் தூக்குவாளியோடு வேலைக்குப் போனவர்கள் அவர்கள். அந்த இழப்பைச் சுமக்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. 'உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதிக்கிற பூமியில் செல்போன் விளையாட்டு ஒரு பேச்சா?' என்று பெரியவர் ஒருவர் கேட்டால், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

என் பதில் இதுதான். அப்படிப்பட்ட வேலையை முடித்துவிட்டு வீடு திரும்புகிறவனுக்குத்தான் ஓய்வு முதலில் சேர வேண்டும். அந்த ஓய்வை அவன் டீக்கடைப் பெஞ்சில் கழிக்கட்டும், வாலிபால் ஆடிக் கழிக்கட்டும், போனில் நாலு பேரோடு சேர்ந்து ஒரு மேட்ச் ஆடிக் கழிக்கட்டும். அது அவன் நேரம்.

ஆலைக்குள் செல்போன் கூடாது என்பது விதி. நூற்றுக்கு நூறு சரியான விதி. அதில் ஒரு நாள்கூடத் தளர்வு இருக்கக் கூடாது. அதனால் நம் பையன் பகல் முழுக்கப் போனைத் தொடுவதில்லை. சாயங்காலம் வேனில் ஏறிய பிறகுதான் அதை ஆன் செய்கிறான். எல்லா மெசேஜும் சேர்ந்து விழுகின்றன. ராத்திரி எட்டு மணிக்கு ஸ்குவாட் சேர்கிறது. ஒருவன் இங்கே, ஒருவன் ஏழாயிரம்பண்ணையில், ஒருவன் சிவகாசி அச்சகத்தில் வேலை முடித்து வந்தவன், ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பிழைக்கப் போனவன். ஒன்றாகப் படித்துப் பிரிந்தவர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான். அந்த நேரம் கெட்டால் வருகிற எரிச்சலை 'சின்ன விஷயம்' என்று தள்ள என்னால் முடியவில்லை.

கெடுவதற்குக் காரணமா இல்லை? போன் கொதிக்கும். நெட் இழுக்கும். மேட்ச் நடுவில் கரண்ட் போய் வைஃபை அணையும். நேற்று வரை இருந்த கேம் இன்றைக்கு ஸ்டோரில் இருக்காது. இத்தனைக்கும் நாம் சொல்வது ஒரே வார்த்தை: "நம்ம ஊரு அப்படித்தான்." நான் அதை ஏற்கவில்லை. இந்த எரிச்சல்கள் மழை மாதிரி வானத்திலிருந்து விழுந்தவை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால், எங்கோ ஓர் அலுவலகத்தில், யாரோ எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. முடிவு என்றால் காரணம் கேட்கலாம், மாற்றவும் சொல்லலாம்.

வெயிலில் ஆரம்பிக்கிறேன். சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி, தகரக் கூரை. மேலே ஃபேன் சுற்றுகிறது, இறங்குவது அனல். மேட்ச் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். முதலில் திரையின் வெளிச்சம் தானாக மங்கும். விரலால் ஏற்றி வைத்தால் மறுபடி இறங்கும். அடுத்து, விநாடிக்கு 60 ஃபிரேம் என்று வழுக்கிக்கொண்டு ஓடிய கேம் 40-க்கும் 30-க்கும் இறங்கி, திரும்பும்போதெல்லாம் படம் வெட்டி வெட்டிப் போகும். பின்பக்கம் கேமராவை ஒட்டிய இடத்தில் விரல் வைக்க முடியாது. சார்ஜர் சொருகியிருக்கும், சதவீதம் மட்டும் ஏறவே ஏறாது. "போன் ஹேங் ஆகுது" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம்.

உண்மையில் அந்தப் போன் பழுதாகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. சூடு ஒரு அளவைத் தாண்டியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரியைச் சூட்டோடு சூடாகச் சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் போய்விடும் என்பதால், சார்ஜ் ஏறுவதையும் நிறுத்தி வைக்கும். இதில் குற்றம் இல்லை. ஆனால் எந்த அளவைத் தாண்டினால்? ஆப்பிள் நிறுவனம் ஐபோனைப் பயன்படுத்தச் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. சாம்சங் தன் கேலக்ஸி போன்களுக்குச் சொல்வதும் அதே 0 முதல் 35 வரை. பிளேஸ்டேஷன் 5 கன்சோலுக்கு 5 முதல் 35 வரை.

35 டிகிரி! நம் ஊரில் சித்திரை, வைகாசியில் காலை பத்து, பதினோரு மணிக்கே அதைத் தாண்டிவிடுகிறது. நடுப்பகலில் 38, 39 என்று நிற்கிறது. அதாவது அந்த மாதங்களில் கிட்டத்தட்டப் பகல் வேளை முழுக்க, அந்தக் கருவி எந்தச் சூட்டுக்கு என்று செய்யப்பட்டதோ அதற்கு வெளியேதான் நாம் அதை வைத்திருக்கிறோம். ஐபோன்கள் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலேயே பூட்டப்படுகின்றன. பூட்டுகிற ஊரின் வெயில் அதன் கையேட்டில் இடம்பெறவில்லை.

வெப்பத்தைப் பற்றி இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெடிமருந்து கலக்கிறவர்களைக் கேளுங்கள். வெயில் ஏறும் முன்பே கலவை வேலையை முடித்துவிட வேண்டும் என்பார்கள். உராய்வும் சூடும் என்ன செய்யும் என்று தெரிந்து, அதைச் சுற்றித்தான் வேலை நேரமே வகுக்கப்படுகிறது. அந்த ஒழுங்கு மீறப்படும்போது என்ன ஆகும் என்பதை இந்த ஊர் அறியும். கூலித் தொழிலாளிகளும் போர்மேனும் வெயிலைக் கணக்கில் வைத்து வேலை பார்க்க முடிகிறதென்றால், உலகம் முழுக்கப் போன் விற்கிற நிறுவனங்களாலும் அது முடியும். இன்னும் பெரிய வெப்பத் தகடு வைக்கலாம், பின்மூடியை வேறு பொருளில் செய்யலாம், குறைந்தபட்சம் 40 டிகிரியில் ஓட்டிப் பார்த்த முடிவைப் பெட்டியின் மேல் அச்சிடலாம். பெட்டியை அச்சிட்டுக் கொடுக்கச் சிவகாசி இருக்கிறது.

அதுவரை நாம் செய்யக் கூடியது கொஞ்சம்தான். ஆடும்போது கவரைக் கழற்றுங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடாதீர்கள். கிராபிக்ஸை ஒரு படி இறக்கிக்கொள்ளுங்கள். சூடான போனைப் பிரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள், உள்ளே நீர் கோக்கும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். என் பழைய போனில் ஒரு கோடைக்குப் பிறகு பின்மூடி மெல்லத் தூக்கிக்கொண்டது. ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பேட்டரி உப்பியிருந்தது. அப்படி உப்பிய பேட்டரியை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். முக்கியமாக, வீட்டில் திரியோ வெடியோ வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். லித்தியம் தீப்பிடித்தால் சாதாரணமாக அணையாது.

அடுத்தது பிங். "லேக் அடிக்குது அண்ணே" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம். பெரியவர்களுக்காகச் சொல்கிறேன்: நீங்கள் திரையைத் தொட்டதும் அந்தச் செய்தி தூரத்தில் இருக்கும் ஒரு கணினிக்குப் போய், பதில் வாங்கிக்கொண்டு திரும்பி வர ஆகும் நேரம்தான் பிங். அதை மில்லி விநாடியில் அளக்கிறார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படியென்றால் ஒரு மில்லி விநாடிக்கு 200 கிலோமீட்டர். சர்வர் மும்பையில் இருந்தால், கேபிள் வழியாகச் சுமார் 1,500 கிலோமீட்டர்; போய்த் திரும்ப 3,000; ஆக 15 மில்லி விநாடி. சிங்கப்பூரில் இருந்தால், முதலில் சென்னை வரை 550 கிலோமீட்டர் ஓட வேண்டும். அங்கிருந்து கடலடி கேபிள். 2002-இல் போடப்பட்ட சென்னை-சிங்கப்பூர் ஐ2ஐ கேபிளின் நீளம் மட்டும் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப 37 மில்லி விநாடிக்குக் குறைய வழியே இல்லை. சென்னையிலேயே சர்வர் இருந்தால்? ஐந்தாறு மில்லி விநாடி.

ஆனால் நம் திரையில் தெரிகிற எண் 90, 120, சில ராத்திரிகளில் 200. மீதி நேரம் எங்கே போனது? எட்டு மணிக்கு ஊர் முழுக்க ஒரே டவரைப் பிடித்து இழுக்கிறது. அந்த டவருக்கே கண்ணாடி இழை வந்து சேராமல், இன்னொரு டவரிலிருந்து ரேடியோ அலையில் இணைப்பு வாங்கிக்கொண்டிருக்கலாம். பிறகு உங்கள் செய்தி வழியில் ஒவ்வொரு ஊரிலும் வரிசையில் நின்று போக வேண்டும். 60 ஃபிரேமில் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் என்பது 16 மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். 120 பிங் என்றால் நீங்கள் பார்த்துச் சுட்டது சர்வரை அடைவதற்குள் உலகம் ஏழு ஃபிரேம் நகர்ந்திருக்கும். சுவரோரம் ஓடுகிறவனைக் குறி பார்த்துச் சுடுகிறீர்கள், ரத்தம்கூடத் தெறிக்கிறது; சர்வர் கணக்கில் அவன் எப்போதோ சுவருக்குப் பின்னால் போய்விட்டான். உங்கள் கையில் தப்பு இல்லை, கண்ணிலும் தப்பு இல்லை. அந்தத் தோல்வியின் வலி எனக்குத் தெரியும். திறமை இருந்தும் தூரத்தால் தோற்பது மனதை அரிக்கும்.

இது மாறக் கூடியது என்பதற்கு நம் கண்முன்னே சாட்சி உண்டு. வாலரன்ட் கேம் 2020-இல் வந்தபோது இந்தியர்கள் சிங்கப்பூர் சர்வரில் ஆடினார்கள். ஆட்டக்காரர்கள் விடாமல் கேட்டார்கள். அதே ஆண்டு மும்பையில் சர்வர் வந்தது. கவுன்டர் ஸ்டிரைக் ஆட்டத்துக்கு வால்வ் நிறுவனம் மும்பையோடு சென்னையிலும் சர்வர் வைத்தது. மாநில அரசின் கண்ணாடி இழைத் திட்டம் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் இணைப்புக் கொடுப்பதாகச் சொல்லித் தொடங்கியது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்த இணைப்பு வந்ததா, வந்தது வேலை செய்கிறதா என்று கிராம சபையில் கேளுங்கள். சாலையையும் குடிநீரையும் கேட்கிற அதே சபையில், அதே குரலில் கேளுங்கள். அந்த இழை கேமுக்கு மட்டுமா? பிள்ளைகளின் படிப்பும் அதன் வழியேதான் வருகிறது.

கரண்ட் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறோம். இன்றைக்கு நிலைமை அதைவிட எவ்வளவோ மேல். அந்த நாட்களில்தான், 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த அரசு லேப்டாப், ஊர்ப் பிள்ளைகளின் கைக்கு வந்த முதல் கணினி ஆனது. அதில் வைஸ் சிட்டி கேமை பென் டிரைவில் வாங்கி ஏற்றாத பையன் உண்டா? கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும், நெட்டே தேவையில்லை. ஒரு தலைமுறைக்குக் கேம் என்றால் என்னவென்று காட்டியது அந்த லேப்டாப்தான். அதை யாரும் குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

இப்போது பறிபோன ஐடிக்கு, அதாவது கேம் கணக்குக்கு, வருகிறேன். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைல் அதில் ஒன்று. அக்டோபர் 30-ஆம் தேதியோடு இந்தியாவுக்கான சர்வரும் நின்றது. கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகள் மாதக்கணக்கில் ரேங்க் ஏற்றி வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே நாளில் போனது. 2021 ஜூலை 2-இல் அந்த கேம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்ப வந்தது. பழைய ஐடியை மாற்றிக்கொள்ளவும் விட்டார்கள். 2022 ஜூலையில் மறுபடி ஸ்டோரிலிருந்து காணாமல் போனது. 2023 மே மாதம் திரும்பியது. நடுவே 2022 பிப்ரவரி 14-இல் ஃப்ரீ ஃபயர் கேமும் தடையில் போயிற்று; அதன் மேக்ஸ் பதிப்பு மட்டும் தப்பியது.

நாட்டின் பாதுகாப்புக்கு என்று அரசு ஒரு செயலியைத் தடுப்பதற்கு அதிகாரம் உண்டு. அதை நான் எதிர்க்கவில்லை. நான் கேட்பது வேறு. கேமுக்குள் செலவழிக்க யூசி வாங்கவும் டைமண்ட் டாப்-அப் போடவும் கொடுத்த காசு யாருடையது? வாரக் கூலியிலிருந்து 79 ரூபாய், 159 ரூபாய் என்று எடுத்துப் போட்ட பிள்ளைகளின் காசு அது. கேம் நிற்கும்போது அந்தக் காசுக்கு என்ன பதில் என்பதை விற்கும்போதே எழுதித் தர வேண்டும். இப்படிக் கேட்பது நாம் மட்டும் இல்லை. 2014-இல் வந்த தி குரூ என்ற கார் பந்தய கேமை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-இல் மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாக ஓட்டிப் பார்க்கவும் முடியாமல் போனது. அதிலிருந்து எழுந்த 'கேம்களைக் கொல்லாதீர்கள்' இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம்: விற்பது பொருளையா, உரிமத்தை மட்டுமா என்று வாங்குகிறவருக்குக் கடை தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு விளையாட்டுப் பொருள் எத்தனை காலம் நிலைக்கும் என்று பாருங்கள். இங்கிருந்து சற்றுத் தூரத்தில், வெம்பக்கோட்டை விஜயகரிசல்குளத்தில், 2022 மார்ச் முதல் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. வைப்பாற்றங்கரை மண்ணிலிருந்து சங்கு வளையல்களோடு சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் வந்தன. நம் முன்னோர் ஆடியவை. அந்தச் சில்லை இன்றைக்கு எடுத்துக் கட்டம் போட்டு ஆடலாம், அது ஓடும். பத்து வருடத்துக்கு முன் காசு கொடுத்து வாங்கிய கேம் ஓடாது. இந்த நிலைமை எனக்குச் சரியாகப் படவில்லை. சர்வரை மூடுவதென்றால் மூடட்டும். மூடும் முன் அதை எங்கள் கணினியில் நாங்களே ஓட்டிக்கொள்ளும்படி விட்டுவிட்டுப் போகட்டும்.

தாய்மார்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும்: "இந்த கேமாலதானே எத்தனையோ குடும்பம் அழிஞ்சுது?" அம்மா, அழித்தது பணம் வைத்து ஆடும் சூது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து தமிழ்நாட்டில் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு அறிக்கை கொடுத்து, ஆளுநரோடு நீண்ட இழுபறிக்குப் பிறகு 2023 ஏப்ரலில் அந்தச் சூதுக்கு எதிரான மாநிலச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை வேறாகப் பிரித்தது. நான் இந்தத் தடைகளை முழு மனதோடு ஆதரிக்கிறேன். பத்து மணி வரை நண்பர்களோடு ஆடுகிற பையனையும் ரம்மியில் வீட்டை இழந்தவனையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பிகளே, உங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கேமுக்குள் கிரேட் என்ற பெட்டியைத் திறப்பது, லக்கி ஸ்பின் சுற்றுவது எல்லாம் எந்த ஜாதி? காசு போடுகிறோம், என்ன வரும் என்று தெரியாது, வராவிட்டால் இன்னொரு தடவை போடுகிறோம். பெல்ஜியம் நாடு 2018-லேயே இது சூதுதான் என்று சொல்லிவிட்டது. என் கருத்தும் அதுதான். அப்பா போனில் ஜிபே பின் நம்பரைத் தெரிந்து வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள். பெற்றோர்களே, பின் நம்பரைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

கேமில் நல்லதும் உண்டு. நம் வீடு, நம் சமையல், நம் பேச்சு ஒரு கேமில் வருமா என்று கேட்டால், வந்திருக்கிறது. 'வெண்பா' என்றே அதன் பெயர். கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை. முதலில் நீங்கள் செய்வது இட்லி. 2023 ஜூலையில் டொரன்டோவிலிருந்து வந்த அந்தச் சின்ன கேம், அடுத்த ஆண்டு பாஃப்டா விருது வாங்கியது. இதுபோல ஒன்று கரிசல்காட்டிலிருந்தும் வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

கடைசியாக ரிப்பேர். சர்வீஸ் சென்டருக்காக மதுரை பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போயிற்று. அங்கே "போர்டே போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்பார்கள். உள்ளூர்க் கடைக்காரர் தம்பி அதே போனைத் திறந்து பத்து ரூபாய்ப் பொருளை மாற்றி ஓட வைப்பார். அவருக்கு ஒரிஜினல் பார்ட்ஸ் கிடைப்பதில்லை. பழுது நீக்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24-இல் ஓர் இணையதளம் திறந்தது. உதவி எண் 1915; தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பில்லை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பேச்சை நிறுத்திவிட்டு ஒரு வேலை செய்யலாம் என்று தம்பிகளிடம் சொல்லியிருக்கிறேன். மணி எட்டாகிறது, டவரில் கூட்டம் ஏறுகிற நேரம். யாரிடம் எந்த கம்பெனி சிம் இருக்கிறதோ, எல்லோரும் போனை எடுங்கள். சென்னை, மும்பை, சிங்கப்பூர் மூன்றுக்கும் பிங் பார்த்து, சிம் பெயர், நேரம், எண் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் தினமும் இதே நேரத்தில் எழுதுங்கள். அந்த நோட்டின் நகலை வைத்து சிம் கம்பெனிக்கு ஒரு மனு, கேம் கம்பெனிக்கு ஒரு மனு, ஊராட்சித் தலைவருக்கு ஒரு மனு. எழுதித் தர நான் வருகிறேன். முதல் எண்ணை யார் சொல்கிறீர்கள்?